காது கொடுத்தவர்கள்

என் பெயர் மொழியரசி. பிறந்த வாரத்திலேயே வைத்துவிட்டார்கள். எனக்குக் காது கேட்காது என்று வீட்டில் தெரியவந்தபோது பெயர் எல்லா அட்டைகளிலும் ஏறிவிட்டிருந்தது. மாற்றிவிடலாமா என்று அப்பா கேட்டாராம். அம்மா முடியவே முடியாது என்றாளாம். அம்மா வாழ்க. இரண்டு சைகை மொழிகளும் மூன்று எழுத்து மொழிகளும் தெரிந்த எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. தூத்துக்குடியில் காது கேளாதோர் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன்.

இது ஒரு எமோஜியால் வந்த கதை. காதருகே ஒரு விரலை வைத்துக்கொண்டிருக்கும் மஞ்சள் முகத்து ஆள். எங்கள் சைகையில் சுட்டுவிரல் காதைத் தொட்டு வாயோரம் வந்தால் ‘நான் காது கேளாதவள்’ என்று அர்த்தம். அந்தச் சைகையைத்தான் படமாகப் போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், வெள்ளைக் கோல் பிடித்தவர், செயற்கைக் கை, செயற்கைக் கால் எல்லாம் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்த காலத்தில் இவரும் வந்தார். அன்றைக்கு எங்கள் சங்கத்தில் கேக் வெட்டினார்களாம். இத்தனூண்டு படத்துக்குக் கேக்கா என்று சிரிக்காதீர்கள். உங்கள் முகம் எல்லாப் படத்திலும் இருக்கிறது. எங்களுக்கு அது ஒன்றுதான்.

அந்தப் படத்தைக் காது கேட்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, தமிழ்ப் பற்றில்! தமிழில் காதுக்குத்தான் எத்தனை வேலை. கொடுக்கிறார்கள், குத்துகிறார்கள், பூச்சுற்றுகிறார்கள், வேண்டாததை அதில் போட்டுக்கொள்ளாமலும் விடுகிறார்கள். காதருகே விரல் வைத்த ஆளைப் பார்த்ததும் நம் மக்களுக்குத் தோன்றியது ‘காது கொடுத்துக் கேட்கிறேன், சொல்லு’. வேறு எந்த மாநிலத்திலும் இந்தக் கூத்து நடக்கவில்லை. அடுத்த வீட்டுச் சகாயமேரி அக்கா எனக்கே அதைத்தான் அனுப்புவாள். நான் ஏதாவது வம்பு ஆரம்பித்தால் போதும், அந்த ஆள் மூன்று முறை வந்து நிற்பார். கூடவே எழுத்து வரும்: ‘சொல்லுட்டி, காது குடுத்துட்டேன்.’

“அக்கா, அது நான். அது எங்க ஆளு” என்று ஒருமுறை எழுதினேன்.

“அப்படியாட்டி? நல்ல லட்சணமா இருக்கு” என்று பதில் வந்தது. மறுநாளும் அதையே அனுப்பினாள். நானும் விட்டுவிட்டேன். ஒரு படம்தானே என்று அப்போது நானும் நினைத்தேன்.

அது ஒரு படமாக மட்டும் இல்லாமல் போனது ‘மொழிப்பாலம்’ வந்த பிறகு. சுருக்கமாகப் பாலம். யார் எதில் பேசினாலும் எதிராளிக்கு அவருக்குத் தெரிந்த வடிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இயந்திரம். இந்தியில் பேசினால் தமிழில் வரும், நான் சைகை செய்தால் உங்களுக்குக் குரலாக வரும், உங்கள் குரல் என் மூக்குக்கண்ணாடியின் உட்புறத்தில் எழுத்தாக ஓடும். எமோஜியையும் அது வார்த்தையாக்கிவிடும். முதல் மாதம் நாங்கள் அதைக் கும்பிடாத குறை. வங்கி, பஸ், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பாலம் போதும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சைகை மொழிபெயர்ப்பாளர்களின் வேலை போனது. அதற்கும் நாங்கள் அவ்வளவாக வருத்தப்படவில்லை, அது தப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எபனேசர் என் கணவன். நான் ‘அவன்’ என்றுதான் எழுதுவேன். சைகையில் அவன், அவர் என்ற பேதம் கிடையாது, மரியாதை முகத்தில் இருக்கும். அது இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. அவனுக்கும் காது கேட்காது. கடைத்தெருவில் உள்ள பேக்கரியில் மக்ரூன் போடுகிறவன். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்த மாவைக் கூம்பில் போட்டு ஒரே பிழி, ஒரே இழு. உச்சி ஊசி மாதிரி நிற்கும். அதே கையால்தான் அவன் பேசவும் செய்வான். அவன் பேச ஆரம்பித்தால் எங்கள் சங்கத்தில் டீ ஆறும். அப்படியொரு வாயாடி, கையாடி என்று சொல்ல வேண்டும்.

மதியம் சாப்பிட்டு எழுந்தவன் கை கழுவும் இடத்திலேயே சாய்ந்தான். ஓடிப் போய்ப் பிடித்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துணி மாதிரி தொங்கியது. என்ன என்று கேட்டேன். அவன் பதில் சொல்லப் பார்த்தான், கை எழவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

ஒரு கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். மறு கையால் எழுத்துக் கோத்து அனுப்பும் நிலையில் நான் இல்லை. அவசர உதவி எண்ணுக்கு இரண்டே படங்கள் தட்டினேன். காதைத் தொடும் ஆள், ஆம்புலன்ஸ். இருக்கும் இடத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். காது கேளாதவள், ஆம்புலன்ஸ் வேண்டும். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பாலம் அதை அவர்களிடம் இப்படிச் சேர்த்தது: ‘ஆம்புலன்ஸ். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்.’

உடனே அழைப்பு வந்தது. மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. எடுத்தேன். கண்ணாடியில் எழுத்து ஓடும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னவளுக்கு எழுத்து எதற்கு என்று பாலம் அதை நிறுத்திவிட்டிருந்தது. எதிரில் யாரோ பேசியிருக்கிறார்கள். நான் என் தொண்டையால் கத்தினேன். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நன்றாக இருக்காது என்று மட்டும் தெரியும். அழைப்பு போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. பிறகு வரவில்லை. ‘விளையாட்டு அழைப்பு’ என்று மூடிவிட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

நான் கத்தியது வேறு இடத்தில் வேலை செய்தது. சகாயமேரி அக்கா கையில் குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள். பார்த்தாள், கரண்டியைப் போட்டாள், தெருவில் போன ஓட்டுநரில்லா ஆட்டோவின் முன்னால் போய்க் குறுக்கே நின்றாள். அதில் ஏற்கெனவே பதிந்தவர் யாரோ இருந்தார். அவரை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினாள். வழி நெடுக அந்த இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள் என்பதை அவள் உதடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உயிர் தப்பியது. மூளையில் இரத்தம் அடைத்திருந்தது, இன்னும் முன்னால் வந்திருந்தால் கையையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். வலது கை போய்விட்டது என்று நீங்கள் படிப்பீர்கள். நான் படித்தது வேறு. என் கணவனின் பேச்சில் பாதி போய்விட்டது.

பேச வேண்டியதை எல்லாம் இடது கை ஒன்றே பேசியது. இரண்டு கையில் செய்யும் சொற்கள் பாதியாக வந்தன. அவனுடைய வேடிக்கைப் பேச்சில் முடிச்சு அவிழும் இடத்தில் கை இடறியது. சங்கத்தில் எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். எபனேசருக்காக யாரும் பொறுமையாகக் காத்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அழுகையைச் சமையலறையில் வைத்துவிட்டு, கோபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அவனும் வந்தான்.

அங்கே இருந்தவள் ருக்சானா. காயல்பட்டினத்துப் பெண், பொறியாளர். நான் சொன்னதை எல்லாம் கடைசிவரை பார்த்தாள். நடுவில் கண் கலங்கினாள். பாலம் எல்லாரையும் வானொலிச் செய்தி வாசிப்பவராக்கிவிடும். உதடுகளைப் பார்த்து அவர்களை மறுபடி மனிதர்களாக்குவது என் வழக்கம். ஆகவே அவள் பேச்சை அவள் பேசியபடியே தருகிறேன்.

“அக்கா, பாலத்துக்கு அகராதி கெடையாது. ஒரு குறிய பெரும்பான்மை ஆளுங்க எதுக்குப் போடுறாங்களோ அதுதான் பொருள். தமிழ்நாட்டுல அந்த எமோஜிய நூத்துல தொண்ணூத்தொம்பது பேரு ‘கேக்குறேன்’னுதான் போடுறாங்க.”

“மிச்சம் ஒரு ஆள் நான். அது என் படம்” என்றேன்.

“தெரியுது. ஆனா எண்ணிக்கையில நீங்க தோத்துட்டீங்க. நீங்க மட்டும் இல்ல. சக்கர நாற்காலி எமோஜி இப்ப ‘அலுப்பா இருக்கு, எந்திரிக்க முடியல’. வெள்ளைக் கோல் எமோஜி ‘வழி தெரியல’. போன மாசம் பார்வை இல்லாத ஒருத்தர் கல்யாண வீட்டுக்கு வர்றேன்னு அதைப் போட்டு அனுப்பியிருக்காரு. பாலம் மண்டபத்துக்கு வழி காட்டுற படத்த அவருக்கு அனுப்பிருக்கு.”

எபனேசர் அதற்குச் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“எங்களுக்குப் புதுசா ஒரு குறி குடுங்க” என்றேன்.

“தயாரா இருக்கு” என்று திரையைத் திருப்பினாள். ஒரு காது. அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு.

நான் எதுவும் சொல்வதற்கு முன் எபனேசரின் இடது கை எழுந்தது. “இது என்ன, வாகனம் நிறுத்தாதேயா?” என்று கேட்டான். “என்னை வெட்டிப் போட்டுத்தான் எனக்குப் படம் போடணுமா? எங்க ஆளுக்கு முகம் இருந்துச்சு. கை இருந்துச்சு. பேசிக்கிட்டு இருந்தாரு. இதுல வெறும் காதுதான் இருக்கு, அதுவும் கெட்டுப்போன காது.”

ருக்சானா தலை குனிந்தாள். “நான் வரையல அண்ணே” என்றாள். அந்தப் படத்தை மூடிவிட்டு, “பாலத்துக்கு இதுவரைக்கும் தெரியாத குறி ஒண்ணு வந்தா, அது போட்டவங்களையே பொருள் கேக்கும். மொதல்ல போட்டவங்க சொல்றதுதான் பொருள், பெரும்பான்மை மாத்துற வரைக்கும். ஆனா புதுசுன்னு சொல்ல என்ன மிச்சம் இருக்கு? மனுசன் கையால செய்யக்கூடிய எல்லாத்தையும் அதுக்குக் காட்டிப் படிக்க வச்சாச்சு. மேல போகணும்னா பொருள் மன்றத்துக்கு மனு போடுங்க” என்றாள்.

போட்டேன்.

பொருள் மன்றம் என்றால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எந்தக் குறிக்கு என்ன பொருள் என்ற தகராறுகளைத் தீர்ப்பவர்கள். விசாரணைக்குத் தூத்துக்குடிக்கே வந்தார்கள். ஆட்சியர் அலுவலகக் கூடத்தில் எங்கள் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் முன்வரிசை, வெள்ளைக் கோல்காரர்கள் அடுத்தது, எங்கள் சங்கம் பின்னால். சகாயமேரி அக்காவும் வந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அந்த எமோஜியைத் தொடவில்லை. ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று, “நான் அனுப்புனதுலதாம்ட்டி அது அப்படிப் படிச்சுக்கிச்சு. நான் மட்டும் எத்தன ஆயிரம் அனுப்பிருப்பேன்” என்று அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு வெகுநேரம் ஆனது.

மன்றத் தலைவர் வைத்தியலிங்கம், மொழியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தமான முகம். என்னைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று கை காட்டினார்.

எழுந்து நின்றேன். முதல் வாக்கியமாக என்னை அறிமுகம் செய்துகொண்டேன். சுட்டுவிரல் காதைத் தொட்டு வாயோரம் வந்தது. நான் காது கேளாதவள்.

சுவரில் இருந்த பெரிய திரையில் பாலம் சொன்னது எழுத்தாக வந்தது: ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்.’

வைத்தியலிங்கம் புன்னகைத்தார். “நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான்மா இருக்கோம். நீங்க சொல்லுங்க.”

அத்துடன் என் கண்ணாடியில் எழுத்து நின்றது. படம் மட்டும்தான் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படம் எங்கள் சைகையிலிருந்து வந்தது இல்லையா? பாலம் படத்துக்குக் கற்றுக்கொண்ட பொருளைச் சைகைக்கும் பூசிவிட்டது. என் உடம்பால் என்னை நானே சொல்லிக்கொள்ளும் சொல், சின்ன வயதில் முதன்முதலாகப் பழகிய சொல், என் கையிலேயே இருந்துகொண்டு வேறு யாருக்கோ வேலை பார்த்தது.

மறுபடி சொன்னேன். நான் காது கேளாதவள்.

‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்.’

“சொல்லுங்கம்மா.”

நான் காது கேளாதவள்!

‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்!’ ஆச்சரியக்குறியை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டது.

பின்னாலிருந்த எங்கள் ஆட்கள் பொறுக்க முடியாமல் எழுந்தார்கள். இருநூறு கைகள் ஒரே சமயத்தில் காதைத் தொட்டன. திரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேடையில் இருந்த ஒருவர் சிரித்தேவிட்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

கைப்பேசியில் தட்டித் திரைக்கு அனுப்பினேன்: ‘ஐயா, பாலம் என்னைத் தப்பாகச் சொல்கிறது. எங்களுக்குக் காது கேட்காது என்பதைத்தான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் கணவருடைய கை போனதும் இதனால்தான்.’

வைத்தியலிங்கத்தின் புன்னகை போனது. அவர் திரையை இரண்டு முறை படித்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு வெகுநேரம் பேசினார். பிறகு அவரும் தட்டெழுதினார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

‘அம்மா, நடந்தது அநியாயம். நஷ்டஈட்டுக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் பெரும்பான்மைப் பொருளை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. பாலம் முழுவதும் அந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. ஒருவருக்காக மாற்றினால் நாளைக்கு ஆளுக்கொரு பொருள் கேட்பார்கள். கோடு போட்ட காதை ஏற்றுக்கொள்ளுங்கள். இன்றைக்கே அமலாக்குகிறேன்.’

கூடத்தில் ஒரு கைகூட அசையவில்லை. கோடு போட்ட காதை வாங்கினால் இனிமேல் ஒருவருக்கும் எபனேசருக்கு நேர்ந்தது நேராது. வாங்காவிட்டால் நாளைக்கே இன்னொரு வீட்டில் இன்னொருவர் சாய்வார். மானம் பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டால் கணக்கு டீச்சருக்கும் விடை தெரியும். சரி என்று தட்டுவதற்கு விரலை எடுத்துவிட்டேன்.

எபனேசர் என் தோளைத் தொட்டான். எழுந்து முன்னால் போனான்.

முதலில் இடது கையால் காதைத் தொட்டான். இடக்கைக்காரர்களின் சைகையைப் பாலம் திருப்பிப் படித்துக்கொள்ளும். ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்’ என்றது. அவன் தலையை ஆட்டினான், இதை எதிர்பார்த்தேன் என்பதுபோல. பிறகு குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்தான். தூக்கினான். செத்த கை கனமாக வந்தது, விரல்கள் பாதி மடங்கியிருந்தன. அதைக் காதுவரை கொண்டுபோய் வைத்தான். அங்கிருந்து மெல்ல இறக்கித் தன் முகத்துக்கு நேரே நிறுத்தினான். தோள் நடுங்கியது. விடவில்லை.

திரை வெறுமையாக இருந்தது. பாலம் எவ்வளவு யோசித்தாலும் நமக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். அன்றைக்கு அது யோசித்ததைக் கூடமே பார்த்தது.

‘அறியாத குறி. முதல் பயன்பாடு. இதன் பொருள் என்ன?’

ஓரத்தில் நின்றிருந்த ருக்சானா வாயைப் பொத்திக்கொண்டாள். மனிதன் கையால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அதற்குக் காட்டியிருந்தார்கள். ஒரு கை இன்னொரு கையைச் சுமந்துகொண்டு வந்து பேசும் என்பதை யாரும் காட்டவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்தான் என் வீட்டுக்காரர் என்று பக்கத்தில் இருந்த எல்லாரிடமும் சொன்னேன், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தும். மனசுக்குள் அவனை அவசரப்படுத்தினேன்: எழுது, ‘காது கேளாதவர்’ என்று எழுது. கோடில்லாமல், வெட்டில்லாமல், நம் சொல் நமக்குத் திரும்பி வரட்டும்.

அவன் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

‘என்னைப் பார்த்துப் பேசு.’

அவ்வளவுதான். பாலம் பதிந்துகொண்டது. வைத்தியலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாருடனும் கலந்து பேசாமல் உத்தரவைத் தட்டித் திரையில் போட்டார்: இந்தக் குறி எந்த அழைப்பில் வந்தாலும், அவசர உதவி உட்பட, பேசுபவரின் முகமும் எழுத்தும் உடனே திறக்க வேண்டும். யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்கக் கூடாது.

கூடத்தில் எல்லாரும் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்கள். எங்கள் கைதட்டல் அது. நான் ஆட்டவில்லை. அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். முன்பே சொன்னேன், மரியாதை முகத்தில் இருக்கும் என்று. அப்போது என் முகத்தில் அது துளியும் இல்லை.

“என்ன காரியம் செஞ்ச? காது கேக்காதவன்னு எழுதத்தானே வந்தோம். நம்ம பேரு எங்க? இத்தன பேரு வேலைய விட்டுட்டு வந்தது அதுக்குத்தானே?”

“எழுதியிருந்தா என்ன ஆவும்?” என்று கேட்டான்.

“நம்ம சொல்லு நமக்குக் கெடைக்கும்.”

“எத்தன நாளைக்கு? இது பாக்க நல்லா இருக்கு. கேக்குறவங்க எடுப்பாங்க. கைய வலிக்குது, அலுப்பா இருக்கு, என்னத் தூக்கி விடுன்னு எதுக்காவது போடுவாங்க. பெரும்பான்மை அவங்க. மறுபடி நீ மனு போடணும். மறுபடி எவனாவது கை கழுவுற இடத்துல விழணும்.” இடது கை வேகமாக ஓடியது. நோய் வந்த பிறகு அவன் இவ்வளவு வேகமாகப் பேசி நான் பார்க்கவில்லை. “ரெண்டு மாசமா மக்ரூன் கோணலா பிழிஞ்சுக்கிட்டே இதத்தான் யோசிச்சேன். அவங்க எடுக்காம இருக்க மாட்டாங்க. அதனால எடுத்தாலும் கெட்டுப்போகாத சொல்லா ஒண்ணு வேணும். ‘என்னப் பாத்துப் பேசு’ன்னு கேக்குறவன் சொன்னாலும் பொருள் அதேதான். அவங்க எத்தன பேரு போடுறாங்களோ நமக்கு அத்தன பலம்.”

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன், உள்ளே கைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

“காது கேக்காதவன்னு நமக்குள்ள சொல்லிக்கிடப் பாலம் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பழைய சொல்லை இடது கையால் எனக்கு மட்டும் சொன்னான். நானும் அவனுக்குச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பாலம் இல்லை. சொல் சொல்லாகவே இருந்தது.

அவன் கணக்கு சரியாக இருந்தது. கணக்கு டீச்சர் சொல்கிறேன். ஒரு மாதத்தில் அது எமோஜியாக வந்தது, மணிக்கட்டைப் பிடித்துத் தன் கையைத் தானே தூக்கும் ஆள், முழு முகத்தோடு. மூன்றாம் மாதம் தூத்துக்குடி முழுக்க அது பரவிவிட்டது. கைப்பேசியில் தலையைக் கவிழ்த்திருக்கும் புருஷன்மாருக்கு மனைவிமார் அனுப்பினார்கள். தலை நிமிராத குமாஸ்தாக்களுக்கு வரிசையில் நின்றவர்கள் செய்து காட்டினார்கள். சகாயமேரி அக்கா தன் மகனுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அனுப்புகிறாள். “எங்க, நிமிந்து பாக்கானா பாரு” என்று அவனையும் சேர்த்துத் திட்டுகிறாள். ருக்சானா ஒருநாள் வீட்டுக்கு வந்து உற்சாகமாகச் சொன்னாள்: “அக்கா, இதையும் எடுத்துட்டாங்க. போடுறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பேரு காது கேக்குறவங்க.”

“பொருள்?”

“அப்படியே இருக்கு. இன்னும் உறுதியா இருக்கு.”

திருச்செந்தூரில் எங்கள் ஆள் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தது. வீட்டில் தனியாக இருந்தாள். அந்த ஒரு எமோஜியைத்தான் அனுப்பினாளாம். அவசர உதவிக்காரர் முகத்தோடு திரையில் வந்தார், எழுத்து ஓடியது, வண்டியும் வந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறது. பெயர் எபனேசர் இல்லை, பெண் பிள்ளை. கேட்டபோது எபனேசருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

போனது போனதுதான் என்று நாங்கள் நினைத்திருந்த அவன் வலது கையும், பயிற்சியில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியில் விரல்கள். போன வாரம் பேக்கரியில் வலது கையால் ஒரு தட்டு முழுக்க மக்ரூன் பிழிந்தான். உச்சி ஊசியாக நின்றது. சங்கத்தில் டீ மறுபடி ஆற ஆரம்பித்துவிட்டது.

என் வகுப்புக்கு ஒருநாள் வந்தான். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பேச்சின் நடுவே அந்தச் சொல் வந்தது. நன்றாக இருந்த வலது கையைச் சும்மா தூக்கிக் காதருகே வைத்து முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். பின்வரிசையில் இருந்த ஒருத்தி உடனே எழுந்து நின்றாள்.

“தப்பு” என்றாள். “கைய அப்படித் தூக்கக்கூடாது. இன்னொரு கை பிடிச்சுத்தான் தூக்கணும். அதுதான் அந்தச் சொல்லு.”

எபனேசர் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து, கனமான ஒன்றைத் தூக்குவதுபோலத் தூக்கி, அவள் சொன்னபடியே சொன்னான்.

“இப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.